லண்டனுக்கு மசாலா அனுப்ப லைசென்ஸ் வேண்டுமா?

கேள்வி: வக்கீல் ஐயா, நான் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் மசாலாப் பொடி அரைத்து விற்கிறேன். லண்டனில் கடை வைத்திருப்பவர் ஒருவர் முதல் ஆர்டர் கொடுத்திருக்கிறார். ஏஜென்ட் ஒருவர் ‘எக்ஸ்போர்ட் லைசென்ஸ்’ எடுத்துத் தர 18,000 ராண்ட் கேட்கிறார். கன்டெய்னரில் இடம் மிஞ்சும் என்பதால், எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் என் கொழுந்தன் பழைய செம்புக் கம்பியையும் உடைந்த பித்தளைச் சாமான்களையும் சேர்த்து ஏற்றச் சொல்கிறார். “வீட்டுச் சாமான் என்று எழுதினால் போதும், அண்ணி” என்கிறார். செய்யலாமா?

பதில்: அம்மா, முதலில் கொழுந்தனிடம் முடியாது என்று சொல்லிவிடுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

ஏஜென்ட் சொல்லும் பொதுவான ‘எக்ஸ்போர்ட் லைசென்ஸ்’ என்று ஒன்று தென்னாப்பிரிக்காவில் கிடையாது. இருப்பது இரண்டு. ஒன்று, சார்ஸ் எனப்படும் வருவாய்த் துறையின் சுங்கப் பிரிவில் ஏற்றுமதியாளராகப் பதிவு செய்வது. 1964-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் 59A பிரிவில் வருவது இது. இதற்குக் கட்டணம் இல்லை. இன்னொன்று பர்மிட். 2002-ஆம் ஆண்டின் சர்வதேச வர்த்தக நிர்வாகச் சட்டம் 6-ஆம் பிரிவின்படி, எந்தெந்தப் பொருளை பர்மிட் இல்லாமல் அனுப்பக்கூடாது என்று அமைச்சர் அரசிதழில் அறிவிப்பார். அந்தப் பர்மிட்டைத் தருவது பிரிட்டோரியாவில் உள்ள ஐட்டாக் எனும் சர்வதேச வர்த்தக நிர்வாக ஆணையம். அதாவது பர்மிட் வேண்டுமா என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் அனுப்பும் சரக்கு. மசாலாப் பொடி அந்தப் பட்டியலில் இல்லை. அப்படியிருக்க 18,000 ராண்ட் எதற்கு? எந்தப் பொருளுக்கு, எந்தச் சட்டப்படி, யார் தரும் அனுமதி என்று ஏஜென்ட்டிடம் எழுத்தில் கேளுங்கள். அவர் சுங்கச் சட்டம் 64B பிரிவில் லைசென்ஸ் பெற்ற கிளியரிங் ஏஜென்ட்தானா, அதாவது பிறர் சார்பில் சுங்க வேலைகளைச் செய்ய அனுமதி உள்ளவரா என்பதையும் கேளுங்கள். ஏனென்றால் அதே சட்டத்தின் 98-ஆம் பிரிவின்படி, உங்கள் சார்பில் ஏஜென்ட் செய்யும் தவறு உங்கள் தலையிலும் விழும்.

சரி, செம்புக் கம்பி. இந்த நாட்டில் செம்பு என்றாலே அதிகாரிகள் உஷாராகிவிடுவார்கள். ரயில்வே கேபிளும் மின்சாரக் கேபிளும் வெட்டித் திருடப்பட்டு நாடு பட்ட பாடு நம் எல்லோருக்கும் தெரியும். 2013 முதல், ஸ்கிராப்பை, அதாவது கழிவு உலோகத்தை, முதலில் உள்ளூர் ஆலைகளுக்குக் குறைந்த விலையில் காட்டி, அவர்கள் வேண்டாம் என்றால்தான் ஏற்றுமதி பர்மிட் என்ற முறை வந்தது. 2021 ஆகஸ்ட் முதல் ஸ்கிராப்புக்கு ஏற்றுமதி வரியும் உண்டு. 2022 நவம்பர் கடைசியில் ஏற்றுமதிக்கே தடை போட்டு, பிறகு அதை நீட்டித்தார்கள். இந்த விதிகள் அடிக்கடி மாறுவதால், ஸ்கிராப் அனுப்புகிறவர் அன்றைய அரசிதழைப் பார்க்காமல் கன்டெய்னர் புக் பண்ணக்கூடாது. ‘வீட்டுச் சாமான்’ என்று எழுதுவது சுங்கச் சட்டம் 84-ஆம் பிரிவில் பொய் அறிவிப்பு, தனிக் குற்றம். டர்பன் துறைமுகத்தில் கன்டெய்னரைத் திறந்தால், செம்போடு உங்கள் மசாலாவும் அங்கேயே முடங்கும். லண்டன்காரரின் முதல் ஆர்டர் அதோடு சரி.

பித்தளை விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. உடைந்து, வெட்டுப்பட்டு, தேய்ந்து, இனி அந்தப் பொருளாகவே பயன்படாது என்ற நிலையில் இருக்கும் உலோகத்தைத்தான் சுங்க வகைப்பாடு ஸ்கிராப் என்கிறது. அடி தனியாக, தண்டு தனியாக, உருக்கத்தான் லாயக்கு என்று கிடக்கும் குத்துவிளக்கு ஸ்கிராப். கறுத்துப் போயிருந்தாலும் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு ஏற்ற முடிகிற விளக்கு, விளக்குதான். அதை விளக்கு என்றே எழுதி அனுப்பலாம். ஆனால் 1860-க்குப் பிறகு இந்தியாவிலிருந்து இங்குள்ள கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்கள் கொண்டுவந்த பழம்பொருளாக இருந்தால் நிறுத்துங்கள். 1999-ஆம் ஆண்டின் தேசிய மரபுவளச் சட்டப்படி பட்டியலிட்ட வகைகளுக்கு சஹ்ரா எனும் தேசிய மரபுவள அமைப்பின் அனுமதி வேண்டும். அவர்களிடம் எழுதிக் கேட்டுவிடுங்கள். அப்படிப்பட்ட பொருள் நம் பிள்ளைகள் பார்க்க இங்கேயே இருக்க வேண்டும் என்பது என் சொந்த விருப்பம்.

மசாலாவுக்கு வருவோம். அங்குள்ள உணவு விதிகளுக்கு எந்தச் சான்றிதழ், என்ன லேபிள் வேண்டும் என்பதை லண்டன் கடைக்காரர் எழுத்தில் தரட்டும். பிரிட்டனோடு வரிச்சலுகை ஒப்பந்தம் இருப்பதால் EUR.1 என்ற சான்றை, அதாவது பொருள் எந்த நாட்டில் உற்பத்தியானது என்பதற்கான சான்றைக் கேட்பார். மிளகாயும் மல்லியும் இந்தியாவிலிருந்து வாங்கி இங்கே அரைத்ததா? அப்படியானால், அதைத் தென்னாப்பிரிக்கப் பொருள் என்று சொல்ல விதி இடம் தருகிறதா என்று சார்ஸிடம் உறுதி செய்யாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அப்புறம் பணம். சரக்கு போன நாளிலிருந்து 6 மாதத்துக்குள் ஏற்றுமதித் தொகை நாட்டுக்குள் வந்தாக வேண்டும். கடனுக்குக் கொடுப்பதாக இருந்தால் வங்கியிடம் முன்கூட்டியே பேசுங்கள். வாட் (மதிப்புக் கூட்டு வரி) பதிவு வைத்திருந்தால் ஏற்றுமதிக்குப் பூஜ்ய விகித வரிதான். அதற்கு ஆவணங்கள் உரிய கெடுவுக்குள் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 15 சதவீதம் உங்கள் கையிலிருந்துதான் போகும்.

கொழுந்தன் அந்தக் கம்பியைப் போலீஸில் பதிவு பெற்ற உள்ளூர் ஸ்கிராப் வியாபாரியிடம் விற்கட்டும். எந்த வேலையில் கழற்றியது என்பதற்கு, அந்த வேலை தந்தவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போகட்டும்.