ஆறில் ஒன்று எம்டன்

அண்ணா, வணக்கம்.

வியாசர்பாடியில் நாங்கள் ஐந்து பேர் ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் விண்கப்பல் சண்டை ஆடுகிறோம். நகர்த்தும் விதி, சுடும் விதி எல்லாம் ஏற்கெனவே எழுதி வைத்தவை. களத்தை மட்டும் ஆளுக்கொரு தடவை அமைப்போம். இந்தத் தடவை என் முறை. முதல் உலகப் போரில் மெட்ராஸில் குண்டு போட்ட ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனை விண்வெளிக்குக் கொண்டுபோனேன். ஆறு சரக்குக் கப்பல் வரும், அதில் ஒன்று வேஷம் போட்ட போர்க்கப்பல். அது எரிபொருள் நிலையத்தைச் சுட வேண்டும். எதிரில் இரண்டு ரோந்துக் கப்பல். எம்டனை அழித்தால் 10 புள்ளி, தப்பான கப்பலை அழித்தால் 2 புள்ளி கழிவு.

மூன்று தடவை ஆடிவிட்டோம். முதல் தடவை ரோந்துக்காரன் கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டுத் தள்ளி ஜெயித்தான். அடுத்த தடவை இரண்டாம் சுற்றிலேயே எம்டன் எது என்று கண்டுபிடித்துவிட்டார்கள், எப்படி என்று எனக்கே புரியவில்லை. மூன்றாவதில் யாருக்கும் சொல்லாமல் ஏழாவதாக ஒரு கப்பலை நிலவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். பெரிய சண்டையாகிவிட்டது. ஏமாற்றுவதுதானே ஆட்டம், அதில் என்ன தப்பு?

— கா., வியாசர்பாடி

அன்புள்ள கா.,

முதல் ஆட்டத்தில் ஜெயித்த நண்பரைக் குறை சொல்ல முடியாது. அவர் கணக்குப் போட்டாரோ இல்லையோ, கணக்கு அவர் பக்கம்தான் இருந்தது. ஆறில் ஒன்று எம்டன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைச் சுட்டாலும் ஆறில் ஒரு பங்கு 10 புள்ளி வரவு, ஆறில் ஐந்து பங்கு 2 புள்ளி செலவு. கூட்டினால் சரியாகப் பூஜ்யம். முதல் குண்டு தப்பாகப் போனால் அடுத்தது ஐந்தில் ஒன்று, இப்போது லாபமே வருகிறது. ஐந்து அப்பாவிகளையும் அழித்துவிட்டுக் கடைசியாக எம்டனை அடித்தால்கூட 10 கழிவு, 10 வரவு. நட்டமே இல்லாத வியாபாரத்தில் யார் உட்கார்ந்து விசாரிப்பார்கள்?

கழிவை 6 ஆக்குங்கள். அப்போது சந்தேகம் 37.5 சதவீதத்தைத் தாண்டினால்தான் சுடுவது லாபம். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், விசாரணை விதியை இதைச் சுற்றித்தான் கட்டப்போகிறோம்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. விண்வெளியில் ஒளிவது கஷ்டம். ஆள் குடியிருக்கும் கப்பல் சுமார் 290 கெல்வின் (17 டிகிரி செல்சியஸ்) சூட்டில் இருக்கும். பின்னால் இருக்கும் வெற்றுவெளி 2.7 கெல்வின் (மைனஸ் 270 டிகிரி). எஞ்சினை மூட்டிவிட்டால் சொல்லவே வேண்டாம், வெகுதூரத்திலிருந்து தெரியும். ‘அங்கே ஏதோ வருகிறது’ என்பதை மறைக்க முடியாது, ‘வருவது யார்’ என்பதில்தான் பொய் சொல்லலாம். ஆகவே நீங்கள் எடுத்த கரு சரியானது. காசிமேட்டுக் கரையில் நின்று பாருங்கள். தூரத்தில் நங்கூரம் போட்டிருக்கும் கப்பல்கள் இருப்பது தெரியும், பெரியதா சிறியதா என்றும் தெரியும். எந்த நாட்டுக் கொடி, உள்ளே என்ன சரக்கு என்பது தெரியாது.

எம்டன் செய்ததும் இதுதான். 22 செப்டம்பர் 1914 இரவு இங்கே எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியபோது இருட்டும், விளக்கணைக்காத ஊரும் அதற்குப் போதுமாக இருந்தன. வேஷம் பலித்தது அடுத்த மாதம் பினாங்கில். அதற்கு மூன்று புகைபோக்கிதான். நான்காவதாக ஒரு போலியை நிறுத்தி, பிரிட்டிஷ் குரூசர் (வேகமான போர்க்கப்பல்) போலத் துறைமுகத்துக்குள் நுழைந்து ரஷ்யக் கப்பல் ஜெம்சுக்கை மூழ்கடித்தது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவில் அதே வேஷம் எடுபடவில்லை. தந்தி நிலையத்துக்காரர்கள் நான்காவது புகைபோக்கி வெறும் துணி என்று பார்த்துவிட்டு உதவி கேட்டுச் செய்தி அனுப்பிவிட்டார்கள். எந்த வேஷமும் குறிப்பிட்ட தூரம் வரைக்கும்தான் நிற்கும். அந்தத் தூரத்தை விதியாக எழுத வேண்டும்.

களம் 6 அடிக்கு 4 அடி. ஆறு கப்பலும் ஓர் ஓரத்திலிருந்து 8 அங்குல இடைவெளியில் ஆறு தடத்தில் கிளம்பட்டும். நிலையம் 60 அங்குலத்துக்கு அப்பால், ரோந்து இரண்டும் அதன் பக்கத்தில். சரக்கு வேகம் சுற்றுக்கு 6 அங்குலம், ரோந்து 8, வேஷம் கலைத்த எம்டன் 10. நிலையத்தைச் சுட 12 அங்குலத்துக்குள் வர வேண்டும். மொத்தம் 9 சுற்று. இப்போது எம்டன்காரர் கணக்குப் பார்ப்பார். கடைசி வரை சாதுவாக வந்தால் 8-ஆம் சுற்றில்தான் எல்லைக்குள் நுழைய முடியும், இரண்டு தடவை சுடலாம். நான்காம் சுற்று முடிந்ததும் வேஷத்தைக் கலைத்து ஓடினால் ஏழிலேயே வந்துவிடும், மூன்று தடவை சுடலாம், ஆனால் வழியெல்லாம் அடி வாங்க வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் 5 புள்ளி கொடுங்கள். எப்போது கலைப்பது என்ற கேள்வி அவரை அரித்துக்கொண்டே இருக்கும்.

24 அங்குலத்துக்கு வெளியே வருவது யார் என்று தெரியாது. அதற்குள் வந்தால் ரோந்து ஒரு கப்பலைக் கூப்பிட்டு அடையாளம் கேட்கலாம், ஆனால் கேட்ட ரோந்து அந்தச் சுற்றில் சுடக் கூடாது. ரோந்து எதிரே முழு வேகத்தில் பாய்ந்தாலும் மூன்றாம் சுற்றில்தான் எல்லைக்குள் வரும். மூன்றிலிருந்து ஏழு வரை இரண்டு ரோந்துக்கும் சேர்த்து 10 வாய்ப்பு, கேள்வியோ குண்டோ. ஒரு கப்பல் சாக இரண்டு தடவை சுட வேண்டும் என்று வையுங்கள். பத்துக்குள் எல்லாம் செய்தாக வேண்டும் என்றால் கை தானாக நிதானப்படும்.

பதிலுக்குப் பகடை உருட்டாதீர்கள். அப்பாவிக்கு 1, 2 விழுந்தால் சந்தேகம், எம்டனுக்கு 1 முதல் 4 வரை சந்தேகம் என்று எழுதத் தோன்றும். 3 விழுந்து ‘சந்தேகம்’ என்று சொன்ன கணமே குட்டு வெளிப்பட்டுவிடும். டம்ளருக்குள் உருட்டி ஒருவர் மட்டும் பார்த்தால் அவர் சொல்வதை நம்ப வேண்டும், அங்கே அடுத்த சண்டை. சீட்டுதான் வழி. ஒரு சீட்டுக்கட்டிலிருந்து 14 சிவப்பு, 22 கறுப்பு எடுங்கள். கப்பலுக்கு ஒரு கவர், கவருக்கு 6 சீட்டு. அப்பாவிக்கு 2 சிவப்பு, 4 கறுப்பு. எம்டனுக்கு 4 சிவப்பு, 2 கறுப்பு. கேட்பவரே கவரிலிருந்து கண்ணால் பார்க்காமல் ஒன்றை உருவுவார். சிவப்பு என்றால் பதில் சரியில்லை. அப்பாவிக்கும் சிவப்பு ஏன் என்றால், ரேடியோ கெட்டிருக்கும், புது ஆள் குறியீட்டை மறந்திருப்பான். சுத்தமானவன் எப்போதும் சுத்தமாகவே பதில் சொன்னால் ஆட்டம் ஒரே கேள்வியில் முடிந்துவிடும்.

உருவிய சீட்டைத் திரும்பக் கவரில் போட்டுக் குலுக்க மறக்காதீர்கள். போடாவிட்டால் மூன்றாவது சிவப்பு வந்ததுமே அது எம்டன் என்று ருசுவாகிவிடும், அப்பாவிக் கவரில் இருப்பதே இரண்டுதான்.

எண்ணிப் பார்த்தால், மற்ற கப்பல்களைப் பற்றி ஒன்றும் தெரியாத நிலையில் முதல் சிவப்புக்குப் பிறகு அது எம்டனாக இருக்க 29 சதவீதம், இரண்டாவதுக்குப் பிறகு 44, மூன்றாவதுக்குப் பிறகு 62. முதலில் கறுப்பு வந்தால் 9-க்கு இறங்கிவிடும். நம் எல்லை 37.5. ஒரு சிவப்புக்குச் சுடுவது அவசரம், இரண்டுக்குச் சுடலாம். கழிவை 10 ஆக்கினால் எல்லை 50-க்குப் போகும், மூன்று சிவப்பு கேட்கும், அதற்குள் கப்பல் நிலையத்துக்கு வந்துவிடும். உங்கள் ஆட்கள் எவ்வளவு பொறுமைசாலிகள் என்று பார்த்து 6-க்கும் 10-க்கும் நடுவில் நிறுத்துங்கள்.

இதுவரை பொய் சொன்னது சீட்டு, ஆள் இல்லை. எம்டன்காரருக்கும் கையில் ஏதாவது வேண்டும். ஆட்டம் தொடங்கும் முன் அவர் விரும்பினால் எம்டன் கவரிலிருந்து ஒரு சிவப்பை எடுத்து ஏதாவது ஓர் அப்பாவிக் கவரில் போட்டு, அங்கிருந்து ஒரு கறுப்பை எடுத்துக்கொள்ளலாம். இரண்டிலும் இப்போது மும்மூன்று சிவப்பு. மொத்தம் 14 மாறவில்லை, பொய் மட்டும் இடம் மாறியிருக்கிறது. ரோந்துக்காரருக்கு இந்த விதி தெரியும், செய்தாரா, எந்தக் கவரில் செய்தார் என்பது தெரியாது.

6 அங்குலத்துக்குள் போனால் காயைத் திருப்பிப் பார்க்கலாம், உண்மை நிச்சயம். எம்டனாக இருந்தால் அதுதான் முதலில் சுடும், இரட்டைப் பகடையோடு. அநியாயம் என்று ரோந்துக்காரர் கத்தினால் 19 நவம்பர் 1941-ஐச் சொல்லுங்கள். ஸ்ட்ராட் மலாக்கா என்ற டச்சு சரக்குக் கப்பலாக வேஷம் போட்டிருந்த ஜெர்மன் கோர்மொரானை ஆஸ்திரேலியக் குரூசர் சிட்னி நெருங்கிப் போய் ரகசியக் குறியீட்டைக் கேட்டது. பதிலாகக் குண்டுதான் வந்தது. இரண்டு கப்பலும் போயின, சிட்னியில் இருந்த 645 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. (1914-இல் எம்டனை அடித்ததும் சிட்னி என்ற கப்பல்தான், ஆனால் அது பழைய சிட்னி.)

இரண்டாவது ஆட்டம். கடிதத்தில் காய்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, எனக்குச் சந்தேகமே அங்கேதான். கேரம் காயின் அடியில் சீட்டு ஒட்டியிருந்தால், பழைய வெள்ளைக் காய்களில் மர ரேகை ஆளுக்கொரு விதம். ஒரு தடவை பார்த்தவன் மறக்க மாட்டான். புதிய செட்டில் கறுப்பு ஒன்பதில் ஆறை எடுங்கள், ஆறுக்கும் அடியில் ஒரே அளவில் சீட்டு ஒட்டுங்கள், ஆட்டத்துக்கு ஆட்டம் எண்ணை மாற்றுங்கள். பவுடரைத் துடைத்துவிடுங்கள், கறுப்புத் துணியில் வெள்ளைத் தடம் விழும். விரிப்புக்கு வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் 58 அங்குல அகலத் துணி 2 மீட்டர் போதும். மாலையில் கடல் காற்று கிளம்பினால் கவர் பறக்கும், கிளிப் வேண்டும்.

காயைவிடக் கைதான் அதிகம் காட்டிக்கொடுக்கும். எம்டனை நகர்த்தும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்கும், அளவு நாடாவை இரண்டு தடவை வைக்கும், அல்லது அதைக் கடைசியில் தொடும். முதல் நான்கு சுற்றுக்கும் ஆறு கப்பலின் நகர்வையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். ஐந்து பேர் இருக்கிறீர்கள், எது எம்டன் என்று தெரியாத ஒருவர் தட எண் வரிசைப்படி நகர்த்தட்டும். அப்பாவிகள் ஐந்துக்கும் சேர்த்து மூன்று தடவை தடம் விலக அனுமதி கொடுங்கள். இல்லாவிட்டால் விலகுகிற முதல் கப்பலே எம்டன்.

மூன்றாவது ஆட்டத்தில் உங்கள் நண்பர்கள் முறைத்ததில் நியாயம் இருக்கிறது. எதிரிக் கேப்டனை ஏமாற்றலாம், எதிரே உட்கார்ந்து டீ குடிக்கிறவனை ஏமாற்றக் கூடாது. ஆட்டத்துக்கு முன் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கப்பலின் பெயர், சரக்கு, போகுமிடம், எஞ்சின் பலம் ஆகியவற்றில் பொய் இருக்கலாம். அளவு, பகடை, சுற்று எண்ணிக்கை, களத்தில் உள்ள கப்பல் எண்ணிக்கை ஆகியவற்றில் இருக்காது. ஏழாவது கப்பல் வேண்டுமென்றால் தடுப்பதற்கில்லை. தொடக்கக் குறிப்பில் ‘நிலவின் மறுபக்கத்தை ஆறு மணி நேரமாக யாரும் பார்க்கவில்லை’ என்று ஒரு வரி போடுங்கள், எண்ணிக்கை என்ற சொல்லைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். பிறகு கப்பல் வெளியே வந்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள், உங்களை அடிக்க வரமாட்டார்கள்.

நான்காவது தடவை ஆடும்போது ‘கட்டாயம் ஒன்று இருக்கிறது’ என்பதே ரோந்துக்காரருக்குப் பலமாகிவிடும். எம்டன்காரர் தனியாக ஒரு பகடை உருட்டி, டம்ளரால் மூடி, ஆட்டம் முடியும்வரை அப்படியே விடட்டும். 1 என்றால் எம்டனே இல்லை, 6 என்றால் இரண்டு, மற்றதெல்லாம் ஒன்று. சராசரி ஒன்றுதான் என்பதால் மேலே சொன்ன தொடக்க ஆறில் ஒன்று மாறாது. இரண்டு எம்டன் வந்தால் சிவப்பு 16, இல்லாவிட்டால் 12. ஆகவே இந்த வகை ஆட்டத்தில் மீதிச் சீட்டுகளை எதிராளி கண்ணில் படாமல் வையுங்கள், எண்ணிவிடுவான்.