எந்த அயர்னோடு நிறுத்திக்கொள்வது? மூத்த கோல்ஃப் ஆட்டக்காரர்களின் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன. அறுபது தாண்டியதும் நீளமான அயர்ன்கள் (மெல்லிய உலோகத் தலையுள்ள கிளப்புகள், எண் சிறிதாக ஆக நீளம் கூடும்) கைவிட்டுப் போகின்றன, அந்த இடத்தில் ஹைப்ரிட் (அயர்னும் வுட்டும் கலந்த கிளப்) வைப்பதா, வைத்தால் எத்தனை? ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துச் சில கேள்விகளாக்கியிருக்கிறேன்.

வயது 66. என் 5 அயர்னும் 6 அயர்னும் இப்போது ஏறக்குறைய ஒரே தூரம்தான் போகின்றன. கூட ஆடுபவர்கள் "எல்லாவற்றையும் ஹைப்ரிட்டாக மாற்று" என்கிறார்கள். எந்த அயர்ன் வரை மாற்ற வேண்டும்?

விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. இரண்டு அயர்ன்கள் ஒரே தூரம் போனால், அதில் நீளமானது உங்கள் பைக்குச் சுமை. அதையும் அதைவிட நீளமானவற்றையும் மாற்றுங்கள். அதைவிடக் குட்டையானவற்றைத் தொடாதீர்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொண்டால் முடிவெடுப்பது சுலபம். லாஃப்ட் (முகப்பின் சாய்வு) குறைவான கிளப் பந்தை மேலே தூக்குவதற்கு வேகம் வேண்டும். வயதாக ஆக ஸ்விங் வேகம் குறைகிறது. 8 அயர்னுக்கு அது பெரிய குறையில்லை, பந்தைத் தூக்க அதன் லாஃப்டே போதும். ஆனால் 5 அயர்னில் பந்து போதிய உயரம் எடுக்காமல் சீக்கிரமே இறங்கிவிடும். நீங்கள் மோசமாக அடித்ததாக நினைப்பீர்கள். அடித்தது சரியாகத்தான் இருக்கும், மேலே ஏறத் தேவையான வேகம்தான் இருந்திருக்காது. இதற்கு இன்னும் பலமாக அடிப்பது வழியல்ல. அது இடுப்பைத்தான் கெடுக்கும்.

ஹைப்ரிட்டின் தலை பின்பக்கம் குடம் போலப் புடைத்து, அடிப்பகுதி அகலமாக இருக்கும். அதனால் எடை தாழ்வாகவும் முகப்பிலிருந்து தள்ளிப் பின்னாலும் இருக்கிறது. அதே வேகத்தில் அடித்தாலும் பந்து கூடுதல் உயரம் எடுக்கும். பந்துக்கு அரை அங்குலம் முன்னால் தரையில் பட்டாலும், அகலமான அடிப்பகுதி புல்லில் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை அடித்துவிடும். அயர்னின் மெல்லிய விளிம்பு மண்ணைத் தோண்டிக்கொண்டு நின்றுவிடும்.

சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். புல் தரையில், பயிற்சித் திடலின் செயற்கைப் பாயில் அல்ல, 8 அயர்னிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றிலும் பத்துப் பந்து அடியுங்கள். பாயில் தரையை முந்தி அடித்தாலும் கிளப் வழுக்கிப் பந்து நன்றாகப் போய்விடும், உண்மை தெரியாது. ஒவ்வொன்றிலும் படுமோசமான இரண்டை விட்டுவிட்டு, மற்றவை விழுந்த இடத்தைக் குறியுங்கள். உருண்டு நின்ற இடம் வேண்டாம். அடுத்தடுத்த இரண்டு கிளப்புகளுக்கு நடுவே 10 யார்டு இருந்தால் நல்லது. ஏழெட்டு யார்டுக்குக் கீழே சுருங்கும் இடம்தான் உங்கள் எல்லை.

உங்கள் அயர்ன்களைத் துடைத்து வெளிச்சத்தில் வரிசையாக வைத்தும் பாருங்கள். ஒரு மூத்த ஆட்டக்காரர் தன் செட்டைக் கொண்டுவந்து என்னிடம் எது வேண்டாம் என்று கேட்டபோது நான் அதைத்தான் செய்தேன். 8 அயர்னின் முகப்பில் நடுவே ஒரு நாணயம் அளவுக்குத் தேய்ந்து மினுங்கியது. 6 அயர்னில் அந்தத் தடம் கொஞ்சம் பரந்திருந்தது. 4 அயர்னில் தடமே இல்லை, கோடுகள் புதிதாக அப்படியே இருந்தன. எதை நம்பி எடுக்கிறார், எதைப் பைக்குள்ளேயே விட்டுவைக்கிறார் என்பதை அவர் வாய்திறக்காமலே கிளப்புகள் சொல்லிவிட்டன.

5 அயர்னை எடுத்துவிட்டு 5 ஹைப்ரிட் வாங்கினேன். அது என் பழைய 4 அயர்ன் தூரம் போகிறது. 6 அயர்னுக்கும் அதற்கும் நடுவே இப்போது பெரிய ஓட்டை. என்ன தவறு செய்தேன்?

எண்ணைப் பார்த்து வாங்கினீர்கள், அதுதான். கிளப்பில் பொறித்திருக்கும் எண்ணுக்குப் பொதுவான அளவு எதுவும் கிடையாது. முப்பது வருடத்துக்கு முந்தைய 7 அயர்ன் 34, 35 டிகிரி இருக்கும். இன்று தூரத்துக்கென்றே செய்யும் செட்களில் 7 அயர்ன் 28 முதல் 30 டிகிரி. உங்கள் பழைய 5 அயர்ன் 27, 28 டிகிரி இருந்திருக்கும். வாங்கிய 5 ஹைப்ரிட் பெரும்பாலும் 25-ஐ ஒட்டி இருக்கும். அதோடு ஹைப்ரிட்டின் ஷாஃப்ட் (தண்டு) அதே எண்ணுள்ள அயர்னைவிட ஓர் அங்குலம் போல நீளம். லாஃப்ட் குறைவு, நீளம் அதிகம், இரண்டும் சேர்ந்து தூரத்தைக் கூட்டிவிட்டன.

கழற்றும் அயர்னின் லாஃப்டைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடுதலான ஹைப்ரிட்டைத் தேடுங்கள். உங்களுக்கு அநேகமாக 6 என்று போட்டிருப்பது பொருந்தும். வாங்கிய 5-ஐத் திருப்பித் தர வேண்டாம், அதை 4 அயர்ன் இருந்த இடத்தில் வையுங்கள்.

ஹைப்ரிட்டில் உயரம் நன்றாக வருகிறது, ஆனால் பந்து இடப்பக்கம் வளைந்து ஓடிவிடுகிறது. அயர்னில் இப்படி இல்லை. வலது கைக்காரன். வயது 70.

ஹைப்ரிட்டைத் தூக்கிப் போடுபவர்களில் பெரும்பாலோர் இந்தக் காரணத்துக்காகத்தான் போடுகிறார்கள். நல்ல கருவி வீணாய்ப் போகிறதே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம். காரணங்கள் நாலைந்து உண்டு, உங்களுடையது எது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

முதலில் பந்து வைக்கும் இடம். ஃபேர்வே வுட் (பெரிய உருண்டைத் தலையுள்ள நீளமான கிளப்) போலத் தெரிகிறதே என்று இடது குதிகாலுக்கு நேராக வைத்துத் துடைப்பத்தால் கூட்டுகிற மாதிரி அடித்தால், கிளப் பந்தை எட்டுவதற்குள் மணிக்கட்டு திரும்பி முகப்பு மூடிவிடும், அதாவது இடப்பக்கம் பார்க்கும். நடுவிலிருந்து ஒரு பந்து அளவு மட்டும் இடது பக்கம் வையுங்கள். அயர்னை அடிப்பது போலவே லேசாகக் கீழ்நோக்கி அடியுங்கள். பந்தைத் தூக்கிவிடும் வேலை உங்களுடையது அல்ல.

அடுத்தது கிளப்பின் வடிவம். மூத்தவர்களுக்கென்று வரும் பல ஹைப்ரிட்களில் முகப்பு ஷாஃப்ட்டுக்குச் சற்றுப் பின்தள்ளி, ஆஃப்செட்டோடு இருக்கும். வலப்பக்கம் ஸ்லைஸ் ஆகிறவர்களுக்கு அது வரப்பிரசாதம். நேராக அடிக்கும் உங்களைப் போன்றவர்களுக்கு அதுவே வினை. ஆஃப்செட் இல்லாத மாடலைப் பாருங்கள். நிற்கும் நிலையில் தலையின் முனை தரையை விட்டு மேலே தூக்கிக்கொண்டு தெரிகிறதா என்றும் பாருங்கள். அப்படியிருந்தாலும் பந்து இடப்பக்கம்தான் போகும்.

லாஃப்டை மாற்றும் ஸ்லீவ் (ஷாஃப்ட் தலையில் சேரும் இடத்தில் திருப்பக்கூடிய உறை) உள்ள ஹைப்ரிட் என்றால் இதைக் கவனியுங்கள். ஸ்லீவைத் திருப்பி லாஃப்டைக் கூட்டினால் முகப்பும் கூடவே மூடும். உயரம் வேண்டுமென்று ஒரு டிகிரி கூட்டிவிட்டு, அன்றிலிருந்து ஏன் இடப்பக்கம் போகிறது என்று புரியாமல் தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நடு நிலைக்குத் திருப்பி அடித்துப் பாருங்கள்.

இவை எதுவும் உதவவில்லை என்றால் ஷாஃப்ட். மிகவும் லேசான, வளையும் ஷாஃப்ட்டில் தலை உங்களை முந்திக்கொள்ளும். பத்து கிராம் கூடுதலான ஒன்றை முயலுங்கள்.

அப்பாவுக்கு 74 வயது. விரல் மூட்டு வலி, முழங்கை வலி. ஆனாலும் பழைய ஸ்டீல் அயர்ன்களை விட மாட்டேன் என்கிறார். ஹைப்ரிட் எல்லாம் ஏமாற்று வேலை என்பது அவர் கட்சி. எப்படிச் சொல்வது?

வலிக்கு முதலில் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கிளப்பை மாற்றுவது அதற்கு அப்புறம்.

ஏமாற்று என்பது சரியல்ல. பையில் 14 கிளப்புக்கு மேல் கூடாது என்பதுதான் விதி. அதில் எத்தனை அயர்ன், எத்தனை ஹைப்ரிட் என்பது ஆடுபவர் விருப்பம். 2009-இல் ஹேசல்டீனில் நடந்த பிஜிஏ சாம்பியன்ஷிப்பை அவருக்கு நினைவுபடுத்துங்கள். கடைசி நாளை முன்னிலையோடு தொடங்கிய எந்த மேஜரிலும் (கோல்ஃபின் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்று) அதுவரை தோற்காத டைகர் உட்ஸ் ஒரு பக்கம், தென்கொரியாவின் ஒய்.இ. யாங் இன்னொரு பக்கம். கடைசிக் குழியில் சுமார் 200 யார்டு தூரத்திலிருந்து யாங் எடுத்தது 3 ஹைப்ரிட். பந்து கொடிக்குப் பக்கத்தில் வந்து நின்றது, பேர்டி (அந்தக் குழிக்கு வகுத்த கணக்கைவிட ஓர் அடி குறைவு) அடித்து ஜெயித்தார். ஆசியாவில் பிறந்த ஆண் ஒருவர் மேஜர் வென்றது அதுவே முதல் முறை. அன்று அவருக்கு வயது 37. உடம்பு வலித்தா அந்த கிளப்பை எடுத்தார்?

வலிக்கு இன்னும் உதவுவது ஷாஃப்ட்டும் கிரிப்பும் (கைப்பிடி). ஸ்டீல் ஷாஃப்ட் பெரும்பாலும் 95 முதல் 130 கிராம், மூத்தவர்கள் பயன்படுத்தும் கிராஃபைட் 50 முதல் 80 கிராம். எடையைவிட முக்கியம், அடி சரியாகப் படாதபோது கையில் ஏறும் அதிர்வைக் கிராஃபைட் தணித்துவிடும். கிரிப்பைச் சற்றுத் தடிமனாக்கினால் விரல்களை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்காது. அப்பா அந்த அயர்ன்களை மனதார விரும்புகிறார் என்றால், தலைகளை அப்படியே வைத்துக்கொண்டு ஷாஃப்ட்டை மட்டும் கிராஃபைட்டாக மாற்றலாம். நீளமான ஒன்றிரண்டின் இடத்தில் மட்டும் ஹைப்ரிட். அவர் வாதத்தில் தோற்றதாகவும் இருக்காது, முழங்கையும் தப்பிக்கும்.

பெண், வயது 61, ஸ்விங் வேகம் குறைவு. ஹைப்ரிட்டில் கிரீனை (குழி இருக்கும் வழவழப்பான புல்தளம்) எட்டுகிறேன். ஆனால் பந்து அங்கே நிற்காமல் கிரீனைத் தாண்டிப் பின்பக்கம் ஓடிவிடுகிறது. 7 வுட் வாங்கலாமா?

வாங்கலாம். கிரீனில் பந்து நிற்பதைச் சுழற்சியும் இறங்கும் கோணமும் முடிவு செய்கின்றன. வேகம் குறைந்தால் சுழற்சி குறையும், அப்போது கோணத்தைத்தான் நம்ப வேண்டும். 7 வுட் 21 டிகிரியை ஒட்டி, 9 வுட் 24-ஐ ஒட்டி இருக்கும். அதே லாஃப்ட் உள்ள ஹைப்ரிட்டைவிட அவற்றின் எடை இன்னும் பின்னால், ஷாஃப்டும் நீளம். பந்து உயரப் போய்ச் செங்குத்தாக இறங்கும். நீளத்தைச் சமாளிக்க முடிகிறதா என்று மட்டும் அடித்துப் பாருங்கள். முடிந்தால் 7 வுட், 9 வுட், அப்புறம் 6 ஹைப்ரிட், 7 ஹைப்ரிட், 8 அயர்ன் என்று வைத்துக்கொள்வது உங்களுக்கு நன்றாகப் பொருந்தும். அயர்ன் 8-இல் தொடங்குகிறதே என்று யாராவது சிரித்தால், ஸ்கோர் கார்டைக் காட்டுங்கள்.

எதிர்காற்றுக்கும் மரத்தடியிலிருந்து தாழ்வாக அடிக்கவும் 4 அயர்ன் ஒன்றை வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். 6 அயர்னைச் சற்றுத் தாழப் பிடித்து, பந்தை வலது பக்கம் தள்ளி வைத்து, முக்கால் ஸ்விங்கில் அடித்தால் அதே வேலை நடக்கும்.

ரஃப் (நீளமாக வளர்ந்த புல்), காய்ந்த தரை, ஃபேர்வே பங்கர் (ஆடுபாதையில் உள்ள மணற்குழி) எல்லாவற்றிலும் ஹைப்ரிட் அயர்னைவிட மேலா?

இல்லை. ரஃபில் பெரும்பாலும் மேல். அயர்னின் கழுத்தைப் புல் சுற்றிப் பிடித்து முகப்பைத் திருப்பிவிடும், ஹைப்ரிட்டின் உருண்டைத் தலை புல்லைப் பிளந்துகொண்டு போகும். ஆனால் பந்தின் மேல்பாதி கண்ணுக்குத் தெரிந்தால்தான். புதைந்து கிடந்தால் லாஃப்ட் மிகுந்த குட்டை கிளப்பான வெட்ஜை எடுத்து ஃபேர்வேக்குத் திரும்புங்கள்.

காய்ந்து இறுகிய தரையில் கதை தலைகீழ். அகலமான அடிப்பகுதி தரையில் பட்டு எகிறும், விளிம்பு பந்தின் வயிற்றில் படும், பந்து தரையோடு சீறிக்கொண்டு போகும். அங்கே நடுத்தர அயர்ன்தான். ஃபேர்வே பங்கரில் மணல் மேல் பந்து சுத்தமாக உட்கார்ந்து, முன் விளிம்பும் தாழ்வாக இருந்தால் ஹைப்ரிட் எடுக்கலாம். மற்ற நேரமெல்லாம் வெளியே வந்தால் போதும் என்று 8 அயர்னை எடுங்கள்.

கிரீனுக்கு வெளியே வெட்ஜில் சிப் செய்ய (கிரீனை நோக்கிச் சின்னதாகத் தட்டிவிட) கை நடுங்குகிறது. ஹைப்ரிட்டை அங்கே பயன்படுத்தலாம் என்கிறார்களே?

தாராளமாக. 2004 பிரிட்டிஷ் ஓப்பனில், ராயல் ட்ரூனில், எர்னி எல்ஸுடன் சமநிலையை முறிக்க நடந்த பிளேஆஃபின் நான்காவது குழியில் டாட் ஹாமில்டன் கிரீனுக்கு முன்னாலிருந்து எடுத்தது ஹைப்ரிட்தான். தரையோடு உருட்டிக் கொடிக்கு ஓரிரு அடியில் நிறுத்தினார், கோப்பையும் அவருக்கே.

கிரிப்பின் அடியில், உலோகத்தைத் தொடும் அளவுக்குத் தாழப் பிடியுங்கள். பந்துக்கு நெருங்கி நில்லுங்கள், பந்து நடுவில் இருக்கட்டும். மணிக்கட்டை மறந்துவிட்டு, பட்டரில் (கிரீனில் பந்தை உருட்டும் கிளப்) அடிப்பது போலத் தோளால் மட்டும் ஆட்டுங்கள். பந்து முதல் ஒன்றிரண்டு அடி தாவிப் புல்லின் விளிம்பைத் தாண்டி, அப்புறம் உருளும். பட்டரைவிட இது வேகமாகப் பாயும். முதல் நாள் இருபது பந்தாவது உருட்டிப் பார்த்துவிட்டு, பிறகு ஆட்டத்தில் எடுங்கள்.