ரவுட்டரை மாற்றும் முன் அந்த மூன்று எண்களைப் பாருங்கள்

கேள்வி: மேசைக் கணினி கேபிளிலும் லேப்டாப் வைஃபையிலும் இருக்கின்றன. இரண்டிலும் இணையம் வருகிறது. ஆனால் மேசைக் கணினியில் ஷேர் செய்த ஃபோல்டர் லேப்டாப்பில் திறக்க மறுக்கிறது. பார்க்க வந்தவர் ரவுட்டரை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

பதில்: இரண்டிலும் இணையம் வரும்போது புது ரவுட்டர் எதற்கு? அவருக்கு வேண்டுமானால் பிரயோஜனப்படும்.

இரண்டு கணினியிலும் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளையை அடித்து, கணினியின் நெட்வொர்க் முகவரியான ஐபிவி4 (IPv4) வரியைப் பாருங்கள். ஒன்றில் 192.168.1.5, மற்றதில் 192.168.1.9 என்பதுபோல் முதல் மூன்று எண்கள் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் 192.168.0 என்று வந்தால் லேப்டாப் விருந்தாளிகளுக்கான கெஸ்ட் வைஃபையில் இருக்கலாம். வழக்கமான வைஃபைக்கு மாற்றுங்கள். இல்லையென்றால், சிக்னல் எட்டவில்லை என்று யாரோ இன்னொரு ரவுட்டரை வைத்து, கேபிளை அதன் வான் (WAN) துளையில், அதாவது இணைய இணைப்புக்கான துளையில் செருகியிருப்பார்கள். அந்த இரண்டாவது ரவுட்டருக்கு முதலாவதோடு மோதாத முகவரி கொடுத்து, அதில் கணினிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் டிஹெச்சிபியை (DHCP) அணைத்து, அதன் பிறகு கேபிளை வீட்டுக் கணினிகளுக்கான லேன் (LAN) துளைக்கு மாற்றுங்கள். இந்த வரிசை மாறினால் குழப்பம்தான்.

எண்கள் பொருந்தினால் கோளாறு பெரும்பாலும் விண்டோஸில். மேசைக் கணினியின் நெட்வொர்க் செட்டிங்கில் இணைப்பு பப்ளிக் என்றிருந்தால் பிரைவேட் ஆக்குங்கள். சொந்த வீட்டையே பேருந்து நிலையமாக நினைத்துக்கொள்வது விண்டோஸின் பழக்கம். அதை மாற்றும் இடத்தையும் பதிப்புக்குப் பதிப்பு நகர்த்திவிடுகிறார்கள். பப்ளிக்கில் இருக்கும்வரை, அந்தக் கணினி எட்டுகிறதா என்று சோதிக்கும் பிங் கட்டளைக்கும் பொதுவாகப் பதில் வராது. அதைக் காட்டி 'கேபிள் போச்சு' என்பாரை நம்பாதீர்கள்.

அடுத்து லேப்டாப்பில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.1.5 என்று மேசைக் கணினியின் எண்ணை அடியுங்கள். திறந்துவிட்டால் ஒரு ஷார்ட்கட் போட்டுக்கொள்ளுங்கள். நெட்வொர்க் பட்டியலில் பெயர் தெரியாவிட்டால் போகட்டும். எண் மாறாமலிருக்க ரவுட்டரில் அதை ரிசர்வ் செய்யுங்கள்.

பாஸ்வேர்டு கேட்டு நின்றால் பலர் தடுக்கி விழும் இடம் அதுதான். தினமும் கணினியைத் திறக்கும் நான்கு இலக்கப் பின் (PIN) எண் இங்கே செல்லாது. அது அந்தக் கணினிக்குள் மட்டும்தான். கணக்கின் உண்மையான பாஸ்வேர்டு வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் மின்னஞ்சலும் அதன் பாஸ்வேர்டும். பாஸ்வேர்டே வைக்காத கணக்கை நெட்வொர்க் வழியாக விண்டோஸ் உள்ளே விடாது. இதற்கெல்லாம் சுலபமான வழி: மேசைக் கணினியில் பாஸ்வேர்டுடன் தனியாக ஒரு லோக்கல் யூசர் உருவாக்கி, ஃபோல்டரின் ஷேரிங், செக்யூரிட்டி என இரண்டு இடத்திலும் அந்தப் பெயருக்கு அனுமதி கொடுங்கள். ஒன்றில் மட்டும் கொடுத்துவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் ஏராளம். லேப்டாப்பில் கணினியின் பெயர், பின்சாய்கோடு, யூசர் பெயர் என்று சேர்த்து அடியுங்கள்.

வந்தவர் ஃபயர்வாலை மொத்தமாக அணைக்கவோ எஸ்எம்பி1 (SMB1) என்ற பழைய ஃபைல் பகிர்வு வசதியை இயக்கவோ போனால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தும் வேலை அது. 2017-இல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் பரவியது எஸ்எம்பி1-இன் ஓட்டை வழியாகத்தான். ஏற்கெனவே அணைத்துவிட்டுப் போயிருந்தால் இன்றைக்கே ஃபயர்வாலை இயக்கி, அதில் ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்கை மட்டும் பிரைவேட்டுக்கு அனுமதியுங்கள்.