பென்ஷன், முழங்கால், மொய்

அன்புள்ள சார்,

கோவையில் ஒரு மில்லில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனேன். பி.எஃப். பென்ஷன் 2,900 ரூபாய். சுகர் இருக்கிறது, முழங்கால் மடக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு ரிட்டயர்டு ஹெச்.எம். வாக்கிங், கோயில் என்று சந்தோஷமாக இருக்கிறார். எனக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை, விசேஷங்களுக்குக்கூடப் போவதில்லை. 'ஏதாவது பொழுதுபோக்கு பழகுங்கப்பா' என்கிறான் மகன். எனக்கு மனசுதான் சரியில்லையா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள ஐயா,

மனசைக் குறை சொல்லுமுன் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஹெச்.எம். 2003 ஏப்ரலுக்கு முன் அரசு வேலையில் சேர்ந்தவர் என்றால் அவருக்குக் கடைசிச் சம்பளத்தில் ஏறக்குறைய பாதி பென்ஷன், அதன் மேல் அகவிலைப்படி ஏறிக்கொண்டே போகும். உங்களுடையது இபிஎஸ் 95, அதாவது பி.எஃப்.போடு சேர்ந்து வரும் தொழிலாளர் பென்ஷன் திட்டம். சராசரிச் சம்பளத்தை சர்வீஸ் வருடத்தால் பெருக்கி 70ஆல் வகுப்பார்கள், அந்தச் சம்பளமும் சாதாரணமாக 15,000க்கு மேல் கணக்கில் வராது. 2014 செப்டம்பருக்கு முந்தைய சர்வீஸுக்கு உச்சவரம்பு 6,500தான். அகவிலைப்படி கிடையாது. அரிசி விலை ஏறினாலும் 2,900 அப்படியே நிற்கும்.

இதில் முழங்கால் வேறு. கால் நன்றாக இருந்தால் வாட்ச்மேன் வேலைக்காவது போயிருப்பீர்கள், கையில் காசு இருந்தால் காலை எப்போதோ டாக்டரிடம் காட்டியிருப்பீர்கள். இரண்டும் சேர்ந்து போனதால்தான் இப்படி முடங்கிக் கிடக்கிறீர்கள். விசேஷத்துக்குப் போகாததுகூட மனசு ஒட்டாமல் அல்ல, மொய்க்கு ஐநூறு எடுத்து வைக்க வேண்டுமே என்றுதான், இல்லையா? (கொங்குப் பக்கம் மொய் வைக்காமல் சாப்பிட்டு வர யாருக்கு மனசு வரும்!) உங்கள் மகன் சொல்லும் பொழுதுபோக்குக்கும் பஸ் ஏறிப் போகக் கால் வேண்டும்.

சரி, செய்யக்கூடியதைச் சொல்கிறேன். மில்லில் உங்களுக்கு ஈஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடித்தார்களா? குறைந்தது ஐந்து வருடம் ஈஎஸ்ஐயில் இருந்து, வயது முடிந்து ரிட்டயர் ஆனவர் வருடத்துக்கு 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் மனைவிக்கும் ஈஎஸ்ஐ மருத்துவம் தொடரும். மாதத்துக்கு அல்ல, வருடத்துக்கு 120. மில்லில் யாரும் இதைச் சொல்லி அனுப்புவதில்லை, எத்தனையோ பேர் இது தெரியாமலேயே மெடிக்கல் ஷாப்பில் காசைக் கொட்டுகிறார்கள். பழைய ஈஎஸ்ஐ கார்டு, ரிட்டயர் ஆனதற்கான சான்று இரண்டையும் எடுத்துக்கொண்டு கிளை அலுவலகத்தில் கேளுங்கள். அதற்கிடையில் சுகர் மாத்திரைக்கு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பதிவு செய்துவிடுங்கள், வீட்டுக்கே வந்து தருவார்கள்.

அப்புறம், கிளை அலுவலகத்துக்குப் போகும்போது மகனைக் கூட்டிப் போங்கள். பைக்கில் உட்கார முடியாது, ஆட்டோ பிடிக்கச் சொல்லுங்கள், காசு அவர் கொடுக்கட்டும்.