சிக்கனும் சோறும் மட்டும் போதுமா? நாய்க்கு வீட்டுச் சமையல்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் மணி நாட்டு நாய், 4 வயது, கருத்தடை செய்தாகிவிட்டது, எடை 15 கிலோ. பாக்கெட் தீவனத்தை நிறுத்திவிட்டு இப்போது தினமும் சிக்கன் வேகவைத்துச் சோற்றில் பிசைந்து கொடுக்கிறோம். தட்டை நக்கித் துடைத்து வைத்துவிடுகிறான். இது போதும்தானே டாக்டர்? (வாசகி, திருச்சி)

பதில்: போதாதும்மா. நீங்கள் போடும் இரண்டுமே நல்ல பொருள்தான், ஆனால் அந்தத் தட்டில் கால்சியம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. 100 கிராம் வெந்த கோழி நெஞ்சுக்கறியில் பாஸ்பரஸ் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும், கால்சியம் 15 மில்லிகிராம்தான். நாய்க்குக் கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ கொஞ்சம் கூடுதலாகவோ கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் உடம்பு சும்மா இருக்காது, ரத்தத்துக்கு வேண்டிய கால்சியத்தை எலும்பிலிருந்து உருவிக்கொள்ளும். மாதக்கணக்கில் வெளியே ஒன்றும் தெரியாது, நாய் துள்ளித் திரியும், முடியும் மின்னும். அப்புறம் ஒரு நாள் கட்டிலிலிருந்து குதித்ததற்கே கால் உடைந்துவிட்டது என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். அப்படி வரும் நாயைப் பார்க்கும்போது மனசு ரொம்பக் கஷ்டப்படும், ஏனென்றால் அந்த வீட்டில் யாரும் அதைப் பட்டினி போடவில்லை, ஆசை ஆசையாகச் சமைத்துத்தான் போட்டிருப்பார்கள்.

மணிக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 850 கலோரி வேண்டும். அதற்கு எலும்பும் தோலும் நீக்கி வேகவைத்த சிக்கன் 250 கிராம், குழைய வெந்த சாதம் 200 கிராம், வேகவைத்த முட்டை ஒன்று, பரங்கிக்காய், கேரட், பீன்ஸ் எல்லாம் சேர்த்து 100 கிராம், சூரியகாந்தி எண்ணெய் ஒரு டீஸ்பூன். உப்பு, காரம், தாளிப்பு எதுவும் வேண்டாம். வாரம் இரண்டு நாள் சிக்கனில் ஒரு பங்கைக் குறைத்து 25 கிராம் ஈரல் சேருங்கள், விலை குறைவு என்று தினமும் ஈரலாகவே போட்டால் வைட்டமின் ஏ அளவு மீறிப்போகும். வாரம் ஒரு நாள் சிக்கனுக்குப் பதில் மத்தி மீன் கொடுக்கலாம், முள் விரலால் நசுக்கினால் மாவாகும் அளவுக்குக் குக்கரில் நன்றாக வேகவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

கால்சியத்துக்கு முட்டை ஓட்டை விடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது. ஓட்டைக் கழுவி 10 நிமிடம் கொதிக்கவிட்டு, ஈரம் போக வெயிலில் காயவைத்து, மிக்ஸியில் அடித்துச் சலித்துக்கொள்ளுங்கள். இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பாருங்கள், கோலமாவு மாதிரி நறநறவென்று இருந்தால் மறுபடி அடிக்க வேண்டும், வழுக்கிக்கொண்டு போகும் அளவுக்கு நைஸாக வேண்டும். அதில் அரை டீஸ்பூன், ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் கால்சியம், மணிக்கு ஒரு நாளைக்குச் சரியாக இருக்கும்.

இதோடும் முடியவில்லை. துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, வைட்டமின் ஈ இந்தச் சாப்பாட்டில் குறைவுதான். நாயின் தோல் நம்மைப் போல வெயிலிலிருந்து போதுமான வைட்டமின் டி தயாரிக்காது, அது சாப்பாட்டில்தான் வர வேண்டும். 2013-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கால்நடை மருத்துவப் பள்ளிக்காரர்கள் நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை எடுத்து அலசினார்கள், கால்நடை மருத்துவர்கள் எழுதியவையும் அதில் இருந்தன. 95 சதவீதத்தில் அவசியமான ஏதோ ஒரு சத்தாவது குறைவாக இருந்தது. அதனால் நான் மேலே எழுதிய தட்டை அப்படியே உங்கள் டாக்டரிடம் காட்டி, வீட்டுச் சாப்பாட்டுக்கென்று உள்ள வைட்டமின், தாது உப்புப் பொடியை அளவோடு எழுதி வாங்குங்கள். வீட்டில் நீங்கள் போடும் மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுக்க வேண்டாம், அதன் அளவு மனிதருக்கானது.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். டைகருக்கும் (அவனும் 15 கிலோ) தயிர் சாதம்தான், இரண்டு வேளையும். நாய் மாமிசம் சாப்பிடுகிற பிராணி, சோறே போடக் கூடாது என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். (வாசகர், கும்பகோணம்)

பதில்: சோற்றைப் பற்றிப் பயப்படாதீர்கள் சார். நாய் மனிதரோடு வாழ ஆரம்பித்த பிறகு மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு அதற்கு ஓநாயை விடப் பல மடங்கு பெருகியிருக்கிறது, சுவீடன் ஆராய்ச்சியாளர்கள் 2013-இல் இதைக் காட்டினார்கள். நம் ஊரில் கம்பங்கூழும் சோளக்கஞ்சியும் குடித்து வேட்டைக்குப் போன நாய்கள் எத்தனையோ உண்டு.

உங்கள் தட்டில் குறை வேறு இடத்தில் இருக்கிறது. 300 கிராம் சாதமும் ஒரு பெரிய கிண்ணம் தயிரும் சேர்ந்தால் புரதம் 15 கிராம்தான் தேறும், அமெரிக்கத் தீவனத் தர அளவுப்படி 15 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 38 கிராம் வேண்டும். வருடக்கணக்கில் இப்படிப் போனால் தசை கரைந்து, முதுகெலும்பு துருத்தி, வயிறு மட்டும் தொங்கும். வீட்டில் முட்டைக்கு அனுமதி உண்டென்றால் தினமும் 3 முட்டை வேகவைத்துக் கொடுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். அதுவும் கூடாதென்றால் சோயா உருண்டை, குழைந்த பாசிப்பருப்பு, கொஞ்சம் பன்னீர் சேருங்கள். பூனையால் மாமிசம் இல்லாமல் வாழ முடியாது, நாயால் முடியும், ஆனால் கணக்குப் பார்த்துப் போட்டால்தான். அசைவத் தட்டை விட இதற்குத்தான் டாக்டரின் கண் அதிகம் தேவை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடை பார்ப்பதையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மிச்சமாகும் சாம்பார் சாதத்தைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து போடலாமா? (வாசகி, விருதுநகர்)

பதில்: வேண்டாம். தண்ணீர் விட்டால் காரம் குறையும், சின்ன வெங்காயம் எங்கே போகும்? வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகப் பொருள்கள் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், வேகவைத்தாலும் வதக்கினாலும் பொடியாக்கினாலும் அது மாறாது. எடையில் கிலோவுக்கு 15 கிராம் வெங்காயமே விஷமாகலாம். 5 கிலோ பொமரேனியனுக்கு 75 கிராம், அதாவது ஒரே ஒரு பெரிய வெங்காயம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் கெடுதல் சேர்ந்துகொண்டே வரும். சாப்பிட்ட அன்றே தெரியாது, சில நாள் கழித்து ஈறு வெளுக்கும், சிறுநீர் காப்பி நிறத்தில் போகும், எழுந்திருக்கவே சோம்பும். அப்படிக் கண்டால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

திராட்சை (பாயசத்தில் போடும் உலர் திராட்சையும்தான்), சாக்லேட், சர்க்கரை இல்லாத சூயிங்கம் இவையும் அதே வரிசை. ரசத்தில் பூண்டு, கருவாட்டில் உப்பு, அவையும் வேண்டாம்.

கேள்வி: பிரியாணி எலும்பு? (வாசகர், ஆம்பூர்)

பதில்: கூடவே கூடாது. வெந்த எலும்பு குச்சி குச்சியாகப் பிளந்து குடலைக் குத்தும். எலும்பைத் தட்டிலிருந்து நேராகக் குப்பைத் தொட்டியில் போட்டு மூடியும் வையுங்கள்.

கேள்வி: எங்கள் லாப்ரடார் எவ்வளவு போட்டாலும் இன்னும் கேட்கிறாள், பாவமாக இருக்கிறது. 38 கிலோ ஆகிவிட்டாள். (வாசகி, கோவை)

பதில்: அவள் கேட்பதெல்லாம் பசி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குச் சாப்பிட்டது போதும் என்று மூளைக்குச் சொல்லும் மரபணுவில் ஒரு துண்டு இல்லை, கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் 2016-இல் கண்டுபிடித்தது இது. ஆகவே அளவை அவள் கண்ணைப் பார்த்து முடிவு செய்யாமல் சமையல் தராசில் நிறுத்துப் போடுங்கள். நெய், ஆட்டுக்கொழுப்பு, டீ பிஸ்கட் மூன்றையும் நிறுத்துங்கள், கொழுப்பு கூடினால் கணையமும் வீங்கும். சாதத்தில் கொஞ்சத்தைக் குறைத்துச் சுரைக்காயும் பீன்ஸும் கூட்டினால் தட்டு நிறைந்தே தெரியும். இடையில் கேட்கும்போது வெள்ளரித் துண்டு கொடுக்கலாம். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், ஆனால் தடவினால் கைக்குத் தட்டுப்படும் அளவுக்கு உடம்பு வர வேண்டும்.

கேள்வி: 2 மாத ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டிக்கு இதே சமையல் சரிவருமா? (வாசகர், சேலம்)

பதில்: வராது. பெரிய இனக் குட்டிக்குக் கால்சியம் குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் எலும்பு கோணும். வளர்ச்சி முடியும் வரை பெரிய இனக் குட்டிகளுக்கான நல்ல தீவனமே கொடுங்கள், முட்டை ஓட்டுப் பொடியைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: வேலைக்குப் போகிறேன், தினமும் சமைக்க முடியாது. (வாசகி, சென்னை)

பதில்: தேவையே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகச் சமைத்து வேளைக்கு ஒரு டப்பாவாகப் பிரித்து, 3 நாளைக்கு உள்ளதை ஃப்ரிட்ஜில் கீழ்த் தட்டில் வைத்துவிட்டு மிச்சத்தை ஃப்ரீசரில் போடுங்கள். ஓட்டுப் பொடியும் வைட்டமின் பொடியும் மட்டும் போடும்போது கலந்தால் போதும். இதுவரை பாக்கெட் தீவனம் என்றால் ஒரே நாளில் மாற்றாதீர்கள், முதலில் கால் பங்கு, அப்புறம் பாதி என்று 7 முதல் 10 நாளில் மாற்றுங்கள். நடுவில் வயிறு போனால் இரண்டு நாள் பழைய அளவிலேயே நிறுத்தி வைத்துவிட்டுத் தொடருங்கள்.