எலும்பில் திருகாணி பூட்டச் சொல்கிறார்கள், சரியா?

கேள்வி: மகளுக்கு 17 வயது. மேல் முன்பற்கள் மிதந்திருந்ததால் இரண்டு பல்லைக் கழற்றிக் கம்பி போட்டிருக்கிறோம். இப்போது முரசுக்குள்ளால் எலும்பில் சின்னத் திருகாணி பூட்ட வேண்டுமாம். பிள்ளையில் ஆராய்ச்சி செய்கிறார்களா? – ஒரு தாய், கொக்குவில்

பதில்: இல்லை அம்மா, அந்தக் கட்டமெல்லாம் எப்போதோ தாண்டியாயிற்று. 1945இல் நாய்களின் தாடையில் பூட்டிப் பார்த்தபோது ஒரு மாதமளவில் எல்லாம் கழன்று விழுந்தன. 1983இல் ஒரு நோயாளிக்கு மூக்கடி எலும்பில் பூட்டி முன்பற்களை மேலே ஏற்றிக் காட்டினார்கள். 1997இல் ஜப்பானில் கனோமி என்ற பல் வைத்தியர் 1.2 மி.மீ. தடிப்புள்ள ஆணியை அறிமுகப்படுத்திய பிறகு, பல் வேர்களுக்கு இடையிலேயே பூட்டுவது பரவலாயிற்று.

ஏன் தேவை என்றால், முன்பற்களைப் பின்னுக்கு இழுக்கக் கடைவாய்ப் பல்லைப் பிடிமானமாக வைத்தால் அதுவும் முன்னுக்கு நகரும், மணலில் கால் ஊன்றாமல் வள்ளம் இழுக்கிறவன் தானே வள்ளத்துப் பக்கம் போவது போல. பல்லைக் கழற்றி எடுத்த இடைவெளி அப்படியே வீணாகிவிடும். எலும்பில் நிற்கும் ஆணி அப்படி இலேசில் நகராது.

இப்போதைய ஆய்வுகள் கேட்பது வேறு கேள்விகள்: ஏன் சில ஆணிகள் ஆடுகின்றன, எங்கே பூட்டினால் நன்றாக நிற்கும் என்பவை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் 100க்கு 13 அளவில் இடையில் கழல்கின்றன, மேலண்ணத்தில் பூட்டியவை கழல்வது அதைவிடக் குறைவு. வளர்ந்தவர்களின் அண்ணத்தை ஆணி வைத்து விரிப்பது, ஸ்கான் எடுத்து ஆணி இறங்க வேண்டிய இடத்தைக் காட்டும் வழிகாட்டியை முப்பரிமாண அச்சில் செய்து பூட்டுவது என்று இன்னும் நிறைய எழுதுகிறார்கள். வழிகாட்டி நல்லதுதான், ஆனால் உங்கள் மகளுக்குச் சொல்லியிருப்பது போன்ற இலகுவான இடத்துக்குச் சாதாரண எக்ஸ்ரேயும் கைப்பழக்கமும் பெரும்பாலும் போதும் என்பேன்.

விறைப்பு ஊசி போட்டுச் சில நிமிடத்தில் பூட்டிவிடுவார்கள், அன்றைக்கு ஒரு பனடோல் தேவைப்படலாம். பல் இழந்த இடத்தில் வைக்கும் இம்பிளாண்ட் போல இது எலும்போடு முழுதாக ஒட்டாது, வேலை முடிந்ததும் திருகி எடுத்துவிடலாம். வேரில் உரசாதா என்றும் கேட்பீர்கள். உரசலாம், உடனே எடுத்துவிட்டால் சின்னக் காயம் பெரும்பாலும் ஆறிவிடும்.

உண்மையில் நான் கவலைப்படுவது ஆணியைச் சுற்றிச் சாப்பாடு தங்கி முரசு வீங்குவதைப் பற்றித்தான், ஏனென்றால் நன்றாகப் பூட்டிய ஆணியும் அதனால் கழலும். மென்மையான பிரஷால் தினமும் சுற்றிவரத் துலக்கச் சொல்லுங்கள், நாக்கால் தட்டி விளையாட விடாதீர்கள். ஆடினாலோ சீழ் வந்தாலோ அடுத்த கிளினிக் திகதி வரை பார்த்திராமல் வைத்தியரிடம் காட்டுங்கள். கழன்றால் எலும்பு ஆறியதும் பக்கத்தில் இன்னொன்று பூட்டலாம்.