பெக்கி காத்திருந்த இரவு

அன்புள்ள ஐயா,

நீங்கள் பரிந்துரைத்த 'கேரி ஆன் கேபி' படத்தைப் பார்த்தேன். வாய்விட்டுச் சிரித்தேன், ஆனால் மனம் ஒப்பவில்லை. கணவனின் டாக்ஸி நிறுவனத்தை மனைவி தோற்கடிப்பது அழகான பெண் ஓட்டுநர்களைக் காட்டித்தானே? இதை எப்படி நல்ல படம் என்கிறீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் மனக்குறையில் நியாயம் இருக்கிறது. 1963இல் வெளிவந்த அந்தப் படம், மனைவி பெக்கி தொடங்கும் 'கிளாம்கேப்ஸ்' டாக்ஸி நிறுவனப் பெண்களின் சீருடையைப் பார்க்கும் பார்வையை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அந்த நிறுவனம் ஏன் பிறந்தது என்பதை மறந்துவிட்டால் படத்தின் உயிரையே தவறவிட்டவர்களாவோம்.

பதினைந்தாவது திருமண நாளன்று பெக்கி கணவனுக்காகக் காத்திருக்கிறாள். கணவன் சார்லியோ பிரசவ வலி கண்ட மனைவியோடு ஏறிய ஓர் இளைஞனிடம் சிக்கிக்கொள்கிறான். மருத்துவமனைக்கு விரைந்தால் வலி நின்றுவிடுகிறது. வீட்டுக்குத் திரும்பினால் மீண்டும் வலி எடுக்கிறது. நாம் சிரிக்கச் சிரிக்க, அங்கே ஒருத்தியின் இரவு கழிந்துகொண்டிருக்கிறது. சார்லி கெட்டவன் அல்லன். முன்பின் தெரியாத பெண்ணுக்குக் காட்டிய அக்கறையைத் தன் வீட்டுக்குக் காட்ட மறந்தவன். தாயாக வேண்டும் என்று ஏங்கும் பெக்கியை வேறொருத்தியின் பிரசவம் காக்கவைப்பதில், திரைக்கதை எழுதிய டால்பட் ராத்வெல்லின் நுட்பத்தைக் காண்கிறேன். 'கேரி ஆன்' என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைப் பட வரிசையின் ஏழாவது படமான இதுதான் அதில் அவருடைய முதல் படம்.

அதன் பிறகு வரும் தொழில் போட்டி முழுவதும் அந்த இரவின் நீட்சிதான். சார்லியின் பழைய கறுப்பு டாக்ஸிகளுக்கு எதிரே பெக்கி புத்தம்புது போர்டு கார்ட்டினாக்களை இறக்குகிறாள். எதிர் நிறுவனத்தின் முதலாளி தன் மனைவிதான் என்று அறியாமலே சார்லி அதை ஒழிக்கத் திட்டம் தீட்டுகிறான். சார்லியின் ஆளாக வரும் கென்னத் கானர் பெண் வேடமிட்டு கிளாம்கேப்ஸுக்குள் நுழையும் காட்சிக்கு அரங்கம் அதிரச் சிரிக்கலாம். எனக்கோ பெக்கியாக நடித்த ஹாட்டி ஜாக்ஸின் முகமே மனத்தில் நிற்கிறது. அழுது தீர்க்காமல், உரக்கக் கத்தாமல், முடிவெடுத்துவிட்ட ஒரு பெண்ணின் அமைதியை அவர் அதில் கொண்டுவருகிறார். சார்லியாக வரும் சிட் ஜேம்ஸ் எவ்வளவு ஆர்ப்பரித்தாலும் படத்தின் எடை ஹாட்டி ஜாக்ஸ் பக்கமே சாய்கிறது. வண்டிகளையும் ஆட்களையும் திரட்டி, கணவன் அசைக்க முடியாததாய் நினைத்த தொழிலை ஆட்டங்காணச் செய்யும் பெக்கியின் நிர்வாகத் திறமையை வெறும் சீருடைக் கவர்ச்சியாகச் சுருக்கிவிடாதீர்கள்.

இறுதிக் காட்சியை மறுபடி பாருங்கள். கொள்ளையர் பிடியில் அகப்பட்ட காரிலிருந்து, வண்டி போகும் வழியை ஏதோ பேச்சுவாக்கில் சொல்வதுபோல் பெக்கி டாக்ஸியின் வானொலித் தொடர்புக் கருவியில் கேட்கச் செய்கிறாள். சவாரிக்காக வைத்த கருவியில் தன் மனைவியின் குரலைக் கேட்டதும் சார்லி தன் டாக்ஸிகளை எல்லாம் திருப்பி, நாலாபுறமும் கொள்ளையரை வளைக்கிறான். அதுவரை சவாரிக்காக மட்டுமே ஓடிய வண்டிகள் அன்றுதான் பெக்கிக்காக ஓடுகின்றன.

அன்புடன்.